அம்பு பட்ட இடம்

சேலத்தில் பேருந்து ஏறியதிலிருந்து அம்மா வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருவாள். தொப்பூர் கணவாய் தொடங்கியதும் பேச்சு நின்றுவிடும். லாரிகள் முக்கி முனகி ஏறுவதையும், எதிர்ச்சாரியில் பிரேக் நெடியோடு இறங்குவதையும் பார்த்தபடி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மேடு முடிந்ததும் ஒரு பெருமூச்சு. "வேடியப்பா" என்று ஒரு முனகல். பிறகு விட்ட இடத்தில் பேச்சு தொடரும். அவளுக்கு 72 வயது. பிறந்தது தருமபுரிக்கு மேற்கே, இண்டூர்ப் பக்கம் ஒரு சிற்றூர். அக்காவையும் அங்கேயே உறவுக்குள் கொடுத்திருக்கிறோம். வேடியப்பன் அந்த ஊர்க் காட்டுச் சாமி.

மே மாத விடுமுறை. அக்காவின் பிள்ளைகள் இருவரும் வீட்டில் கைப்பேசியோடு கிடக்கிறார்கள், எங்கேயாவது கூட்டிப் போ என்று ஒரு வாரமாக அக்கா நச்சரித்துக்கொண்டிருந்தாள். மூத்தவளுக்கு 11 வயது, சின்னவனுக்கு 6. மாமா வருகிறார் என்றதும் இருவரும் ஒகேனக்கல் பரிசலுக்கும் மீன் வறுவலுக்கும் தயாராகிவிட்டார்கள். நான் அகழ்வைப்பகம் என்றதும் வீடே அமைதியாகிவிட்டது.

"அங்க என்ன இருக்கு?" என்றான் சின்னவன்.

"பழைய கல்லு," என்றாள் மூத்தவள். பள்ளியில் ஒருமுறை கூட்டிப் போயிருக்கிறார்களாம். வரிசையாகப் போய் வரிசையாக வந்தார்களாம்.

அவளைக் குறை சொல்ல முடியாது. நான் முதலில் பார்த்த அருங்காட்சியகமும் அப்படித்தான். எந்த ஊர் என்பது இருக்கட்டும். ஐந்தாம் வகுப்பில் அறுபது பேரைக் கூட்டிப் போனார்கள். தொடாதே, ஓடாதே, பேசாதே என்ற மூன்று சொற்கள் நினைவில் இருக்கின்றன. பார்த்த பொருள் ஒன்றுகூட நினைவில் இல்லை. வெளியே வந்து வாங்கித் தின்ற சேமியா ஐஸ் மட்டும் இன்னும் நாக்கில் இருக்கிறது. சென்னையில் பழைய ஆட்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குக் காட்சிச் சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சொல்வார்கள். 1851-ல் அந்த அருங்காட்சியகம் ஒரு கல்லூரிக் கட்டடத்தில்தான் தொடங்கியது. காலேஜ் என்ற பெயர் அதனால் ஒட்டிக்கொண்டதோ என்னவோ. விலங்குக் காட்சிச் சாலையும் 1855-ல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் பிறந்ததுதான். ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டில் ஒன்று உயிர், ஒன்று சாவு என்று பாமர மக்கள் பெயர் வைத்ததில் ஒரு விமர்சனம் இருக்கிறது. அசையாத பொருளைப் பார்க்க யாராவது கற்றுக்கொடுத்திருந்தால் அந்தப் பெயர் வந்திருக்காது.

அந்தக் கடனை அடைக்கத்தான் இந்தப் பயணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தருமபுரி தனி மாவட்டமானது 1965-ல். 2004-ல் கிருஷ்ணகிரி பிரிந்துபோனது. இதெல்லாம் நேற்றைய கதை. சங்ககாலத்தில் இந்த ஊர் தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகர். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன் என்று எல்லாப் பிள்ளைகளும் பாடத்தில் படித்திருக்கிறார்கள். அசோகனின் இரண்டாம் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியர், கேரளருடன் சத்தியபுத்திரர் என்றும் ஒரு மரபு வருகிறது. அவர்கள் யார் என்று நெடுநாள் சர்ச்சை. 1981-ல் திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பையில் கிடைத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சியைச் சத்தியபுத்திரன் என்றே குறிப்பிட்டு அந்த முடிச்சை அவிழ்த்தது.

அதியமானைவிட இந்த மண்ணில் அதிகம் கண்ணில் படுகிறவர்கள் பெயர் தெரியாத வீரர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரம் முழுக்க நடுகற்கள். அவற்றில் பலவற்றை ஊரில் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். மேய்ச்சல் நிலம், காடு, கணவாய், ஒன்றுக்கொன்று உரசிக்கொண்டிருந்த அரசுகளின் எல்லை. பல்லவர், கங்கர், வாணர், நுளம்பர் என்று ஆள் மாறிக்கொண்டே இருந்த பூமி. மாடுதான் செல்வம். மாட்டைக் கவர வந்தவனோடு மோதிச் செத்தவனுக்கு ஒரு கல், கவரப் போய்ச் செத்தவனுக்கும் ஒரு கல், புலியோடும் பன்றியோடும் மோதியவனுக்கு ஒரு கல். இரா. நாகசாமியின் தலைமையில் தமிழ்நாடு தொல்லியல் துறை இவற்றைத் தேடிப் படியெடுத்து 1972-ல் 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலை வெளியிட்டது. அப்படித் தேடிக் காத்த கற்களில் ஒரு பகுதிக்கு வீடுதான் தருமபுரி நகரில் தொல்லியல் துறை வைத்திருக்கும் அகழ்வைப்பகம்.

அக்கா வீட்டு மாருதி வேனில் போய் இறங்கினோம். காலை பத்தரை மணிக்கே வெயில் சுள்ளென்றிருந்தது. வாசலில் அம்மா செருப்பைக் கழற்றினாள்.

"ஆயா, இது கோயில் இல்ல, மியூசியம்," என்றாள் மூத்தவள்.

"உள்ள நிக்கிறது வேடியப்பனுங்கதானே?"

அங்கிருந்த ஊழியர் சிரித்துவிட்டு, "போட்டுக்கங்கம்மா, கால் சுடும்," என்றார். அம்மா போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு நிமிடத்தில் சின்னவனும் செருப்பை உதறிவிட்டு, சூடு தாங்காமல் நிழலுக்கு நிழல் தாவிக்கொண்டு போனான்.

முதலிலேயே ஒரு விதி வைத்தேன். எல்லாக் கல்லையும் பார்க்க வேண்டாம். ஆளுக்கு ஒரு கல். சுற்றி வந்து பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கல்லிடம் மட்டும் உட்காருவோம். பக்கத்தில் உள்ள பலகையைக் கடைசியில்தான் படிக்க வேண்டும். இந்த விதியைக் கேட்டதும் மூத்தவளின் முகம் தெளிந்தது. குறிப்பெடுக்க வேண்டியிருக்கும் என்று பயந்திருந்தாள் போல.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒருவர் ஒரு கலைப்பொருளின் முன் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று இரண்டு ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். 2001-ல் வெளியான அந்த ஆய்வில் சராசரி 27 விநாடி வந்தது. அதிலும் பாதிப்பேர் 17 விநாடிக்குமேல் நிற்கவில்லை. உலகப் புகழ்பெற்ற ஓவியங்களுக்கே அவ்வளவுதான். எழுத்துத் தேய்ந்த கல்லுக்கு என்ன கிடைக்கும்? ஆகவே முப்பது கல்லுக்குப் பதில் மூன்று போதும்.

சின்னவன் புலியைப் பிடித்தான். வீரன் ஒருவன் நிற்க, அவனெதிரே புலி பின்னங்கால்களில் எழும்பி நிற்கிறது, ஆள் உயரத்துக்கு.

"என்ன நடக்குது இங்க?" என்று கேட்டேன்.

"புலி அவர அணைச்சுக்குது."

மூத்தவள் களுக்கென்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. "எத வச்சு அணைக்குதுன்னு சொல்ற?"

"கை தோள் மேல இருக்கே."

"இன்னும் என்ன தெரியுது?"

குந்தி உட்கார்ந்து பார்த்தான். நானும் உட்கார்ந்தேன். நின்றுகொண்டு பார்த்தால் நமக்கு வீரனின் முகம் நேரே வருகிறது. ஆறு வயதுக்காரனுக்குப் புலியின் வயிறு நேரே வருகிறது. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னான். "கத்தி வயித்துக்குள்ள இருக்கு மாமா." அதன் பிறகு அவன் அணைப்பு என்ற சொல்லை எடுக்கவில்லை. ஆனால் முதலில் பார்த்ததும் பொய்யில்லை. உயிர் போகிற சண்டையில் இரண்டு உடல்கள் அவ்வளவு நெருக்கத்தில்தான் இருக்கும். கடைசியில் மூத்தவள் பலகையைப் படித்தாள். புலிக்குத்திக் கல். "தெரியுமே," என்றான் சின்னவன்.

நான் கேட்ட மூன்று கேள்விகளும் இரவல்தான். 1983 முதல் 1993 வரை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவை நடத்திய ஃபிலிப் யெனவைனும், உளவியலாளர் அபிகெயில் ஹவுசனும் சேர்ந்து உருவாக்கிய முறை அது. என்ன நடக்கிறது, எதை வைத்துச் சொல்கிறாய், இன்னும் என்ன தெரிகிறது. அவ்வளவுதான். கேட்கிறவர் சரி என்றோ தவறு என்றோ சொல்லக் கூடாது, பிள்ளை சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். கேட்க எளிது, கடைப்பிடிக்கக் கடினம். தமிழ் அப்பா அம்மாவுக்கும் மாமாவுக்கும் பிள்ளை வாய் திறப்பதற்குள் பதிலைச் சொல்லிவிடாவிட்டால் மண்டை வெடித்துவிடும். அன்று காலை நான் எத்தனை முறை நாக்கைக் கடித்துக்கொண்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

அம்மா எடுத்த கல்லில் வீரன் இடக்கையில் வில், வலக்கையில் வாள், ஒரு கால் மடங்கிப் பாய்கிற நிலை. வெட்டவெளி வெயிலில் உருவம் கல்லோடு கல்லாக மங்கித் தெரிந்தது. மேலோட்டமாகச் செதுக்கிய புடைப்புச் சிற்பத்துக்கு உச்சி வெயில் எமன். நிழல் விழாது, நிழல் இல்லாவிட்டால் கோடு தெரியாது. நடுகல் தேடி அலைகிறவர்கள் காலையிலும் மாலையிலும் கல்லைப் பார்ப்பதற்கு அதுதான் காரணம். ஊழியரிடம் கேட்டுக்கொண்டு கைப்பேசி விளக்கை மூத்தவளிடம் கொடுத்தேன். நேராக அடிக்காதே, கல்லின் ஓரத்திலிருந்து சாய்த்து அடி என்றேன். அக்கா துப்பட்டாவைப் பிடித்து நிழல் கட்டினாள்.

விளக்கு சாய்ந்ததும் கல் எழுந்து வந்தது. கொண்டை, காதணி, இடுப்புக் கச்சை. "மாமா, இங்க பாரு, அம்பு!" மார்பில் ஒன்று. தொடையில் ஒன்று. விளக்கைக் கொஞ்சம் கீழே இறக்கியதும் இன்னொன்று. காலடியில் ஒரு சின்னக் குடம். வீரனுக்கு அந்தப் பக்கத்தில் கள்ளோ தண்ணீரோ வேண்டாமா, அதற்காகச் செதுக்கியிருப்பார்கள் என்று நான் சொன்னேன். வாயை அடக்க முடியவில்லை.

சின்னவன் வீரனைப் போலவே நிற்க முயன்றான். இடக்கை வில், வலக்கை வாள், முழங்கால் மடக்கு. பத்து எண்ணுவதற்குள் தடுமாறி விழுந்தான். மூத்தவள் அவனைப் பார்த்துவிட்டுக் கல்லைப் பார்த்தாள். "ரெண்டு கையும் வேலையா இருந்தா அம்ப எப்பிடி விடுவாரு?" என்னிடம் பதில் இல்லை. அவளே சொன்னாள். "அம்பு தீந்துபோச்சு. அதான் கத்திய எடுத்துட்டாரு." ஆய்வாளர்கள் ஒத்துக்கொள்வார்களோ மாட்டார்களோ, நான் எத்தனையோ நடுகல் பார்த்திருந்தும் எனக்குத் தோன்றாத கேள்வி இது. தம்பியின் உடம்பை வைத்து அவள் கல்லைப் படித்திருந்தாள்.

மூத்தவளின் கல் உடைந்தது. மேல்பாதி இல்லை. இடுப்புக்குக் கீழே கால்கள் மட்டும், ஓரத்தில் நாலைந்து எழுத்துகள். ஏன் இதை எடுத்தாய் என்றேன். "இத யாருமே பாக்க மாட்டாங்க, அதான்," என்றாள். எழுத்து எங்களுக்குப் படிக்க வரவில்லை. இந்தப் பக்கத்துப் பழங்கற்களில் வட்டெழுத்து அதிகம், நம் இன்றைய எழுத்தைப் போல இருக்காது என்று சொல்லிவிட்டு, பல நடுகற்களில் வருகிற ஒரு சொல்லை மண்ணில் எழுதிக் காட்டினேன். பட்டான்.

"பட்டான்னா?"

"நம்ம வேலியோர முருங்க என்னாச்சு?"

"பட்டுப்போச்சு."

"அதே பட்டு."

ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய சொல் வேலியோர முருங்கையில் இருந்தது. அவள் அந்தச் சொல்லை இரண்டு மூன்று முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

நாய்க்கு நடுகல் உண்டா என்று சின்னவன் கேட்டான். அதற்காகத்தானே காத்திருந்தேன். இங்கிருந்து கிழக்கே, திருவண்ணாமலை மாவட்டம் தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூர் என்று ஓர் ஊர். முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில் அங்கே ஒரு கல் நட்டார்கள். எருமைகளைக் காக்கப் போராடிக் கருந்தேவகத்தி என்பவன் பட்டான். அவன் நாய் இரண்டு கள்வர்களைக் கடித்துவிட்டு, அவனருகிலேயே காத்து நின்றது. கல்லில் வீரனுக்குப் பின்னால் நாயும் நிற்கிறது, அதன் பெயரும் பொறித்திருக்கிறது. கோவிவன். விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கே கல் இருக்கிறது. சின்னவன் கோவிவன், கோவிவன் என்று சொல்லிக்கொண்டே வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். அன்று முழுக்க எதிரே வந்த தெருநாய்களுக்கெல்லாம் அதுதான் பெயர்.

மரத்தடியில் உட்கார்ந்து அக்கா கொண்டுவந்த புளிச்சோற்றைப் பிரித்தோம். அப்போது அம்மா கேட்டாள். "இவங்களுக்கெல்லாம் இங்க யாரு பொங்க வைக்கிறது?"

நான் கொஞ்சம் திணறினேன். நடுகல் நடுவதற்குத் தொல்காப்பியம் ஆறு படிகளைச் சொல்கிறது. கல்லைத் தேடிக் காண்பது காட்சி, எடுத்துவருவது கால்கோள், நீராட்டுவது நீர்ப்படை, பிறகு நடுதல், படையல் வைக்கும் பெரும்படை, கடைசியில் வாழ்த்தல். ஊரில் இருக்கும் வேடியப்பனுக்கு நீராட்டும் படையலும் வாழ்த்தும் குறைவில்லாமல் நடக்கின்றன. மஞ்சளும் எண்ணெயும் சுண்ணாம்பும் ஏறி ஏறி முகம்தான் தெரிவதில்லை. இங்கே முகம் தெரிகிறது, படையல் இல்லை. ஓரிடத்தில் காட்சி காணாமல் போயிருக்கிறது, இன்னோர் இடத்தில் காட்சி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இந்தச் சிக்கலை இதே தகடூரின் ஔவை அன்றே பார்த்துவிட்டாள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் அவள் போனபோது, அவன் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு காட்டினான். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு அந்தச் சந்தர்ப்பம்தான். மயிற்பீலி சூட்டி, மாலையிட்டு, நெய் பூசிக் காவலுக்குள் வைத்த ஆயுதங்கள். ஔவை பாராட்டுவது போலப் பாராட்டிவிட்டு, எங்கள் தலைவனின் வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். நான் இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னதும் மூத்தவள் சட்டென்று, "அவரு மியூசியம் வச்சிருந்தாரு, இவரு சண்டை போட்டாரு," என்றாள்.

எந்த அருங்காட்சியகமும் தொண்டைமானின் கொட்டிலாகிவிடலாம். பளபளப்பும் காவலும் இருந்து, இந்தப் பொருள் என்ன செய்தது, யார் கையில் இருந்தது என்று கேட்க ஆளில்லாவிட்டால் முடிந்தது. அந்தக் கேள்வியைக் கேட்க ஔவையாக இருக்க வேண்டியதில்லை, ஆறு வயது போதும். கூட ஒரு பாட்டியும் இருந்தால் நல்லது. 1899-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் குழந்தைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். உலகின் முதல் குழந்தைகள் அருங்காட்சியகம் என்று அதைச் சொல்வார்கள். நம்மூரிலும் 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீடு போல முற்றமும் தாழ்வாரமுமாக இருக்கிறது. விடுமுறை நாளில் அங்கே குடும்பம் குடும்பமாக வந்து குவிகிறார்கள். பெரிய பணமும் கட்டடமும் இருந்தால் நல்லதுதான். தருமபுரியில் அன்று எங்களுக்கு உதவியவை கைப்பேசி விளக்கு, ஒரு துப்பட்டா, இரண்டு பென்சில், நாலு வெள்ளைத் தாள்.

தாளையும் பென்சிலையும் சாப்பிட்ட பிறகு எடுத்தோம். பேனா வேண்டாம், மை சிந்தினால் போகாது. தொடக் கூடாது என்பதற்கும் அப்போதுதான் காரணம் சொன்னேன். விரலில் வியர்வையும் எண்ணெயும் இருக்கின்றன, ஆயிரம் பேர் தடவினால் கல்லும் தேயும் என்றதும், மூத்தவள் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் வாசற்படியைச் சொன்னாள், நடுவில் பள்ளமாகியிருக்கும் என்று. காரணம் புரிந்துவிட்டதால் அதன்பின் தொடாதே என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தொடுகிற ஆசையைத் தீர்க்க ஒரு ஐந்து ரூபாய்க் காசின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துக் காட்டினேன். சிங்கமுகம் மேலே வந்தது. கல்வெட்டு ஆய்வாளர்கள் ஈரத் தாளைக் கல்லில் ஒற்றி, மை தடவி எழுத்தை எடுப்பார்கள், அதற்கு மைப்படி என்று பெயர் என்றேன். பையிலிருந்த காசெல்லாம் தாளுக்கு ஏறியது.

அத்தோடு வீடு திரும்பியிருக்க வேண்டும். ஆசை யாரை விட்டது? கோட்டைக் கோயிலுக்குப் போனோம். காமாட்சியம்மனும் மல்லிகார்ச்சுனரும் குடியிருக்கும் இடம், நுளம்பர் காலக் கலை. அங்கே தரையைத் தொடாமல் நிற்கும் தூண் இருக்கிறது. தூணின் அடியில் தாளை நுழைத்து அந்தப் பக்கம் எடுத்தான் சின்னவன். நாலு முறை, ஐந்து முறை. தூண் நிற்கிறதா தொங்குகிறதா என்று அக்காளும் தம்பியும் சண்டை போட்டார்கள். அதுவரை நன்றாகத்தான் போனது.

அதன்பிறகு அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில். மண்டப விதானத்தில் இராமாயண, பாரதக் காட்சிகள் ஓவியங்களாக இருக்கின்றன. நான் பல ஆண்டாகப் பார்க்க நினைத்தது. துண்டை விரித்து மல்லாக்கப் படுத்துப் பார்க்கலாம் என்று திட்டமெல்லாம் வைத்திருந்தேன். சின்னவனுக்கு மணி இரண்டே முக்காலுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. கழுத்து வலிக்கிறது என்றான், தாகம் என்றான், கடைசியில் காரணமே இல்லாமல் ஓவென்று அழுதான். மூத்தவள் மரியாதைக்கு மேலே பார்த்தாள். என் ஆசைக்காக இழுத்துவந்த இடம் அது, பிள்ளைகளுக்காக அல்ல. ஐந்து நிமிடத்தில் வெளியே வந்து சர்பத் வாங்கிக் கொடுத்தேன். காலையில் பார்த்தது வயிறு நிறைந்த சாப்பாடு. அதற்குமேல் பாயசத்தையே ஊற்றினாலும் உள்ளே போகாது. இந்த ஓவியங்களுக்கென்றே இன்னொரு நாள் வர வேண்டும், காலையில், ஒரேயொரு காட்சிக்காக.

வேனில் இருவரும் தூங்கிவிட்டார்கள். இண்டூர் தாண்டி ஊருக்குள் திரும்பும்போது ஐந்தரை மணி. அம்மா ஓட்டுநர் இருக்கைப் பக்கம் சாய்ந்து, "காட்டுப்பக்கம் விடு கண்ணு," என்றாள்.

வேடியப்பன் வேப்ப மரத்தடியில், பாதி புதைந்து நிற்கிறார். சுற்றிலும் அறுத்துமுடிந்த கேழ்வரகுத் தாள். இந்த மாவட்டத்தில் எந்த வகுப்பறையிலும் வருகைப் பதிவேட்டைத் திறந்தால் ஒரு வேடியப்பன் இருப்பான். எங்கள் தாத்தா பெயரும் அதுதான். கல்லின்மேல் ஆண்டுக்கணக்கான மஞ்சள், குங்குமம், எண்ணெய்ப் பிசுக்கு. மூக்கு எது வாய் எது என்று தெரியாது. அம்மா வழக்கம்போல மோட்டாரடியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். வழக்கம்போலத் தலையோடு ஊற்றினாள். வழக்கம்போல மஞ்சள் பொட்டலத்தைப் பிரித்தவள், கை நின்று, அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

"பாப்பா, அந்த லைட்ட அடி," என்றாள்.

மூத்தவள் தூக்கக் கலக்கத்தோடு வந்து பார்த்தாள். "லைட்டு வேணாம் ஆயா. வெயிலே சாஞ்சுதான் அடிக்குது."

மேற்கு வெயில் வேப்பமரத்துக்கு அடியில் புகுந்து கல்லின் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது. தண்ணீர் வழிந்த இடத்தில் பழைய மஞ்சள் கரைந்து ஈரக்கல் கறுத்திருந்தது. அம்மா முந்தானை நுனியால் மெல்ல ஒற்றினாள். முதலில் கொண்டை. அப்புறம் வில்லின் வளைவு. சின்னவன் காலடியில் நாயைத் தேடிவிட்டு இல்லை என்று உதட்டைப் பிதுக்கினான். மூத்தவள் ஆயாவின் தோளுக்கு மேலாக விரலை நீட்டினாள், கல்லில் படாமல்.

மார்பில், இடப்பக்கம், சாய்ந்து ஏறிய ஒரு கோடு. நுனியில் இறகு.

"அறுவது வருசமா இவனுக்குப் பொங்க வக்கிறேன்," என்றாள் அம்மா. "குத்துப்பட்டு நிக்கிறான்னு எனக்குத் தெரியாதே."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மஞ்சளை உள்ளங்கையில் கொட்டி, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். எப்போதும் போல முகம் முழுக்கப் பூசவில்லை. சின்ன வயதில் எங்களுக்கு முழங்கால் சிராய்த்துக்கொண்டு வந்தால் எப்படி வைப்பாளோ அப்படி, ஒற்றை விரலால் எடுத்து, அம்பு பட்ட இடத்தில் மட்டும் வைத்தாள்.